புல்லின் வேகத்தை அளந்த குச்சி

1935 ஜூன். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஓக்மான்ட் மைதானத்தில் யு.எஸ். ஓபன் கோல்ஃப் போட்டி. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்குப் பெயர் 'கிரீன்'. அந்த வருஷம் அது பந்தை நிற்கவே விடவில்லை. ஜெயித்த சாம் பார்க்ஸுக்கே நாலு சுற்றுக்கும் சேர்த்து 299 ஷாட் ஆனது. 300-க்குக் கீழே முடித்தவர் அவர் ஒருத்தர்தான்.

வேடிக்கை பார்க்க வந்திருந்தவர்களில் எட்வர்ட் ஸ்டிம்ப்சனும் ஒருவர். மாசசூசெட்ஸ் மாநில அமெச்சூர் சாம்பியன். ஜீன் சாரசன் மெதுவாக உருட்டிய பந்து கிரீனைத் தாண்டி மணல் பள்ளத்தில் போய் விழுந்ததைப் பார்த்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. கிரீன் ரொம்ப வேகம்னு அவருக்குத் தோன்றியது. ஆனால் அதை நிரூபிப்பது எப்படி? மரத்தில் ஒரு சின்னச் சரிவுப் பலகை செய்தார்.

அதுவரை கிரீன் பராமரிப்பு முழுக்கக் கைப்பக்குவம். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தைப் பார்த்துக்கொண்ட ஓல்டு டாம் மாரிஸ், புல் மேல் மணல் தூவித் தரையைச் சமப்படுத்தினார். இன்றும் அந்த வேலை நடக்கிறது. எவ்வளவு மணல், எப்போது என்பதைப் பராமரிப்பவரின் கண்ணும் காலும்தான் முடிவு செய்தன.

ஸ்டிம்ப்சனின் பலகை 40 வருஷம் பெரிதாகக் கவனிக்கப்படாமல் கிடந்தது. 1976-இல் அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் ஃபிராங்க் தாமஸ் அதை அலுமினியத்தில் திருத்திச் செய்தார். 36 அங்குல நீளம், நடுவில் V வடிவப் பள்ளம், பந்தை வைக்க ஒரு வெட்டு. ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையை மெல்லத் தூக்கினால், சுமார் 20 டிகிரி சாய்வில் பந்து தானே உருளும். மூன்று பந்து இந்தப் பக்கம், மூன்று பந்து எதிர்ப்பக்கம். ஓடிய தூரத்தின் சராசரி எத்தனை அடியோ, அதுதான் கிரீனின் வேகம்.

நாடு முழுக்க அளந்து பார்த்ததில் சராசரி சுமார் 6.5 அடி வந்தது. 1978-இல் கருவியைப் பராமரிப்பாளர்கள் கையில் கொடுத்தபோது, கிளப் ஆட்டத்துக்கு 8.5 அடியே 'வேகம்', யு.எஸ். ஓபனுக்கு 10.5 என்று சங்கம் அட்டவணை போட்டது. நோக்கம் எளிமையானது: ஒரே மைதானத்தின் 18 கிரீன்களும் ஒரே மாதிரி இருக்கணும். மைதானங்களுக்குள் போட்டி வைக்க அல்ல.

நடந்தது அந்தப் போட்டிதான். பக்கத்து கிளப்பில் 11, நம்ம கிளப்பில் ஏன் 9? உறுப்பினர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். பதில் சொல்ல வேண்டியவர் விடிவதற்கு முன்னாலேயே புல்வெட்டியோடு இறங்கும் பராமரிப்பாளர். எண்ணைக் கூட்ட அவருக்குச் சுலபமான வழி இன்னும் ஒட்ட வெட்டுவது. 1950-களில் கால் அங்குலம் அளவில் இருந்த புல், இன்று பெரிய போட்டிகளில் 3 மில்லிமீட்டருக்கும் கீழே. இலை குறைந்தால் புல் தயாரிக்கும் உணவு குறையும், வேர் மேலேறும், வெயிலும் பூஞ்சையும் சீக்கிரம் வெல்லும்.

2004 யு.எஸ். ஓபன், ஷின்னகாக் ஹில்ஸ். கடைசி நாள் காற்றிலும் வறட்சியிலும் 7-ஆவது கிரீனில் பந்து நிற்காமல் போக, ஆட்டத்தின் நடுவிலேயே அதற்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று. அன்று ஒருவர்கூடப் பாருக்குக் கீழே முடிக்கவில்லை.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான கதை. பிரச்சினையைக் கண்டுபிடிக்க வைத்த மீட்டர், அடுத்த காலாண்டிலேயே இலக்காகிவிடும். ஸ்டிம்ப்சன் கேட்டது 'இது நியாயமான வேகமா?' என்ற கேள்வி. கருவி கையில் வந்தபின் கேட்கப்பட்டது 'இன்னும் எவ்வளவு ஏற்றலாம்?' என்பது.

2013-இல் வந்த புதிய கருவியில் இன்னொரு வெட்டும் உண்டு. அதிலிருந்து விட்டால் பந்து பாதித் தூரம்தான் ஓடும், அளவை இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். முழுசாக ஓடவிட்டு அளக்கப் போதுமான சமதரை இல்லாத கிரீன்களுக்காக அது.