இரண்டாம் ஆண்டின் விடையும் ஏழாம் ஆண்டின் விடையும்

யுவியைட்டிஸ் எனப்படும் கண் உள்ளழற்சியில் பார்வை போவதற்கு முதன்மையான காரணம் மாக்குலா வீக்கம். எழுத்தையும் முகத்தையும் துல்லியமாகக் காட்டுவது விழித்திரையின் நடுவிலுள்ள மாக்குலா என்ற சிறு பகுதிதான். அழற்சியால் அங்குள்ள நுண்குழாய்கள் கசிந்து நீர் கோத்துக்கொள்கிறது. விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் சீரான அடுக்குகளுக்கு நடுவே கறுப்புக் கறுப்பாகக் குமிழிகள் தெரியும். நோயாளிக்குக் கதவு நிலை வளைந்து தெரியும். வாசிக்கும் வரியில் பார்க்கிற எழுத்து மட்டும் கலங்கும். நீர் நெடுநாள் தங்கினால் ஒளியுணர் செல்கள் சிதைந்துவிடும். அதன்பின் வீக்கம் வற்றினாலும் பார்வை முழுதாகத் திரும்பாது.

தொற்றால் வராத, கண்ணின் நடுப்பகுதியையும் பின்பகுதியையும் பிடிக்கும் அழற்சிக்கு முக்கியமான சிகிச்சை வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, உடல் முழுவதற்குமான மருந்து: முதலில் அதிக அளவில் ஸ்டீராய்டு மாத்திரை, பிறகு அதைப் படிப்படியாகக் குறைத்து, மெத்தோட்ரெக்சேட், மைக்கோபினோலேட் போன்ற நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகள். மற்றது, கண்ணுக்குள்ளேயே தைத்து வைக்கும் ஃப்ளுவோசினோலோன் இம்பிளான்ட். 0.59 மில்லிகிராம் ஸ்டீராய்டு, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் மெல்ல மெல்லக் கசியும்.

இவ்விரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய 'மஸ்ட்' ஆய்வு அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 255 நோயாளிகளிடம் நடந்தது. 2011-இல் இரண்டாண்டு முடிவு வந்தது. இம்பிளான்ட் அழற்சியை இன்னும் நன்றாக அடக்கியது, மாக்குலா வீக்கத்தையும் விரைவாக வற்றவைத்தது. பார்வை அட்டையில் தொடக்கத்தைவிட இம்பிளான்ட் பெற்றவர்கள் சராசரியாக 6 எழுத்தும், மாத்திரை எடுத்தவர்கள் 3.2 எழுத்தும் கூடுதலாகப் படித்தார்கள். புள்ளியியல்படி அது பெரிய வித்தியாசமல்ல. அன்றைக்கு யாரைக் கேட்டாலும், எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நல்லவேளையாக ஆய்வாளர்கள் அத்தோடு நிறுத்தவில்லை. 2017-இல் வெளியான ஏழாண்டுக் கணக்கில் மாத்திரைக் குழு தொடக்கத்தைவிட 1.2 எழுத்து மேலே இருந்தது. இம்பிளான்ட் குழு 5.9 எழுத்து கீழே போயிருந்தது. அட்டையில் ஒரு வரிக்கு ஐந்து எழுத்து என்பதால், ஒரு வரிக்கும் அதிகமான வித்தியாசம். இம்பிளான்டில் மருந்து தீர்ந்து, ஐந்தாம் ஆண்டுவாக்கில் பலருக்கு அழற்சி திரும்பியிருந்தது. விழித்திரையில் அது விட்டுப்போகும் தழும்பை எந்த மருந்தாலும் அழிக்க முடியாது. கண்ணுக்குள் இருந்த ஸ்டீராய்டு வேறு தொல்லைகளையும் தந்தது: முன்பே கண்புரை அறுவை செய்துகொள்ளாதவர்களில் பெரும்பாலோருக்கு அது தேவைப்பட்டது, கண் அழுத்தத்துக்கான அறுவையும் பலருக்கு வேண்டியிருந்தது.

மாத்திரைகளைக் கண்டு எல்லோரும் அஞ்சுவது உடம்பு கெட்டுவிடும் என்றுதான். அந்த அச்சத்தில் பாதியில் நிறுத்துகிறவர்கள் ஏராளம். ஆனால் ஏழு ஆண்டுகளில் இரு குழுவுக்கும் பெரிய உடல் கேடுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆன்டிபயாடிக் தேவைப்பட்ட தொற்றுகள்தாம் மாத்திரைக் குழுவில் சற்று அதிகம். அளவைக் கவனமாகக் குறைத்து, ரத்தப் பரிசோதனையோடு கொடுத்ததால் கிடைத்த பலன் இது. மேற்பார்வை இல்லாமல் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு விழுங்குகிறவர்களுக்கு இந்த முடிவு பொருந்தவே பொருந்தாது.

நம் நாட்டில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இங்கே யுவியைட்டிஸுக்குக் காசநோய் முக்கியமான காரணங்களுள் ஒன்று. தோல் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே போன்றவற்றால் அது இல்லை என்று தெளிந்த பிறகே நோயெதிர்ப்பைத் தணிக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் பார்வையோடு உயிரும் ஆபத்துக்குள்ளாகும்.

இம்பிளான்டை நான் ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவருக்கும், அதற்குக் கட்டுப்படாத அழற்சிக்கும் அது பெரிய துணை. ஆனால் இரு கண்ணிலும் நோய், நீண்ட ஆயுள் முன்னால் என்ற நிலையில் என் மனம் மாத்திரையின் பக்கமே சாய்கிறது.

குறுகிய கால விடைக்கு இன்னோர் எடுத்துக்காட்டு: 2019-இல் வந்த 'பாயின்ட்' ஆய்வு, கண்ணைச் சுற்றிப் போடும் ஸ்டீராய்டு ஊசியைவிடக் கண்ணுக்குள் செலுத்துவதே மாக்குலா வீக்கத்தை நன்றாகக் குறைக்கிறது என்று காட்டியது. அது முதன்மையாக அளந்தது எட்டாவது வார நிலையை. வீக்கத்தை உடனே வற்றவைக்க அந்த விடை உதவும். ஏழாம் ஆண்டில் அந்தக் கண் என்ன படிக்கும் என்ற கேள்விக்கு அது பதில் அல்ல.