செஞ்சிக் கோட்டைப் பள்ளிவாசல்

செஞ்சி என்னும் பெயரைக் கேட்ட அளவிலே நம்மவர் நெஞ்சில் முதற்கண் தோன்றுபவன் தேசிங்குராஜனே. அவன் ஆண்ட கோட்டையினுள்ளே, அவனை வென்றவர் எடுப்பித்த பள்ளிவாசல் ஒன்றும் உளது. என் மாணாக்கரை ஒருகால் ஆங்கு அழைத்துச் சென்றிருந்தேன். அவருள் ஒருவன், "ஐயா, இது பகைவர் கட்டியதன்றோ? இதனை நாம் ஏன் பார்த்தல் வேண்டும்?" என வினவினான். அன்று நான் கூறிய விடை நிறைவுடையதன்று. ஆகலின் ஈண்டு விரித்து எழுதப் புகுந்தேன்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை வளைத்து நிற்பது செஞ்சிக் கோட்டை. நாயக்க மன்னர்பால் இருந்த இக்கோட்டையை 1649-இல் பீஜப்பூர் சுல்தானின் படை கைப்பற்றியது. 1677-இல் சிவாஜி இதனைக் கொண்டார். அவர் மைந்தர் ராஜாராம் இதனுள் இருந்துகொண்டு முகலாயர் முற்றுகையை ஆண்டு பலவாகத் தாங்கினார். 1698-இல் முகலாயத் தளபதி சுல்பிகார்கான் கோட்டையைப் பிடித்தார். பின்னர், புந்தேல இராஜபுத்திரராகிய சொரூப்சிங் முகலாயரின் கோட்டைத் தலைவராக அமர்ந்தார்.

அவர் 1714-இல் இறந்தார். அவர் மகன் தேஜ்சிங் வடநாட்டினின்றும் போந்து கோட்டைப் பொறுப்பை ஏற்றான். அவனையே தமிழ்மக்கள் தேசிங்கு என வழங்கினர். ஆர்க்காட்டில் அந்நாள் நவாபாக இருந்தவர் சாதத்துல்லாகான். இவர் கொங்கணக் கரையைப் பழம்பதியாகக் கொண்ட நவாயத்து மரபினர். செலுத்தாது நின்ற கப்பத்தைக் கொடுக்குமாறு அவர் கேட்டார், தேசிங்கு மறுத்தான். போருக்குக் காரணம் இதுவே, சமயம் அன்று.

இரு பக்கத்தும் நின்றாரை நோக்கின் இவ்வுண்மை விளங்கும். நவாபுக்காகக் கப்பம் கேட்டு வந்த தோடர்மல் ஓர் இந்து. தேசிங்கின் வலக்கையாக நின்ற மகபத்கானோ ஓர் இஸ்லாமியர். மணக்கோலத்திலிருந்த மகபத்கான், தோழனின் ஓலை கண்டவுடன் மணவறையை விட்டெழுந்து போர்க்களம் புகுந்தார் எனத் தேசிங்குராஜன் கதைப்பாடல் கூறும். நாட்டுப்புறத்து மக்கள் இரவெல்லாம் விழித்திருந்து கேட்டுக் கண்ணீர் உகுத்த இடம் இதுவே. 1714-ஆம் ஆண்டு அக்டோபரில், தேவனூரை அடுத்த களத்தில், சிறு குதிரைப்படையொடு பெரும்படையை எதிர்த்துத் தோழர் இருவரும் வீழ்ந்தனர். தேசிங்கின் இளமனைவி உடன்கட்டை ஏறினாள்.

வென்றவர் செய்ததென்ன? கோட்டையுள் தொழுகைக்குப் பள்ளிவாசல் ஒன்று எடுத்தார். 1717-18-இல் அது கட்டப்பெற்றமையை ஆங்குள்ள பாரசீகக் கல்வெட்டு உணர்த்துகின்றது. அவர் செய்த மற்றொன்றும் உண்டு. ஆர்க்காட்டுக்கு எதிரே, பாலாற்றின் வடகரையில், தேசிங்கின் மனைவி நினைவாக ஓர் ஊரை நிறுவினார் என்பர். அதுவே இராணிப்பேட்டை. பகைவன் மனைவியின் சிறப்பை ஓர் ஊர்ப்பெயரில் நிறுத்தியவரைக் கொடியவர் என்னும் ஒரு சொல்லால் அளத்தல் முறையாமோ?

இன்று அப்பள்ளிவாசலும், நாயக்கர் காலத்து வேங்கடரமணர் கோயிலும், மலைமேல் அரங்கநாதர் கோயிலும் ஒரே மதிலுக்குள் நிற்கின்றன. ஊர்ப்புறத்தே திருநாதர்குன்றில் சமண தீர்த்தங்கரர் இருபத்துநால்வர் உருவங்கள் பாறையில் விளங்குகின்றன. 2025-இல் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே.

அன்பர்களே, நம் குலத்தின் பழம்பெருமையைத் தேடித் தொகுக்கும் பணி நன்று. ஆயினும் எதிர்நின்றாரைச் சிறுமைப்படுத்தித்தான் நம் பெருமையை நாட்டல் வேண்டும் என்பதில்லை. தேசிங்கைப் பாடிய புலவன் மகபத்கானை மறந்தானல்லன். இருவரையும் ஒரு பாட்டில் வைத்தே போற்றினான். பிறப்பு வேறாயினும் நட்பு ஒன்றாதல் கூடும் என்பதற்கு அப்பாட்டே சான்று.

அம்மாணவனுக்கு இன்று நான் சொல்லும் விடை இது: "தம்பி, தேசிங்கின் கதையை முழுதும் அறிய விரும்பின், இப்பள்ளிவாசலையும் காணாது திரும்பற்க." செஞ்சிக்குச் செல்லும் நம் குடும்பத்தாரும் தத்தம் மக்களுக்கு இதனையே எடுத்துரைப்பாராக.