இருக்கையின் விலை

நிக்கி லவுடாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். வியன்னாவின் பெரிய காகித ஆலைக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் பணம் இருந்தது, ஆனால் கார் பந்தயத்துக்கென்று ஒரு காசும் பெயராது. ஒரு வங்கி அவருக்கு விளம்பரப் பணம் தர முன்வந்தது. தொழிலதிபரான தாத்தா ஹன்ஸ் லவுடா தன் செல்வாக்கால் அதைத் தடுத்துவிட்டார். பேரன் இன்னொரு வங்கிக்குப் போனார். தன் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தை ஈடாக வைத்துக் கடன் வாங்கி, அந்தப் பணத்தைக் கொண்டுபோய் ஃபார்முலா ஒன் பந்தயத்தின் 'மார்ச்' அணியிடம் கொடுத்து, 1972ஆம் ஆண்டுக்கு ஓர் இருக்கை வாங்கினார்.

அந்த ஆண்டு முழுவதும் ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை, கடன் மட்டும் கழுத்தை நெரித்தது. அடுத்த ஆண்டு மறுபடியும் காசு கொடுத்து பி.ஆர்.எம். அணியில் நுழைந்தார். அங்கே அவர் ஓட்டிய வேகம் ஃபெராரியின் கண்ணில் பட்டது. 1974 பருவத்துக்கு ஃபெராரி அழைத்தது, 1975ல் உலகச் சாம்பியன். பிறகு 1977லும் 1984லும் மீண்டும் அதே பட்டம். காசு கொடுத்து ஓட்டுபவரைப் பந்தய உலகம் 'பே டிரைவர்' என்று இளக்காரமாகச் சொல்கிறது. மூன்று முறை உலகச் சாம்பியனான லவுடாவும் அப்படித்தான் உள்ளே வந்தார்.

உண்மையில் இந்த விளையாட்டு தொடங்கியதே வசதி படைத்தவர்களின் பணத்தில்தான். 1930களில் ஐரோப்பியப் பந்தயங்களில் கலக்கிய சயாம் இளவரசர் பிராவுக்கு, இருபத்தொன்றாவது பிறந்த நாள் பரிசாக அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் இளவரசர் சூலா கொடுத்தது ஓர் ஈ.ஆர்.ஏ. பந்தயக் கார். அணியை நடத்தியவரும் சூலாதான். ஆனால் பிரா பொழுதுபோக்குக்கு ஓட்டியவர் அல்ல. பின்னாளில் ஃபார்முலா ஒன் உலகப் போட்டியில் 1950லும் 1954லும் நான்காவது இடம் பிடித்தார்.

அந்தக் காலத்தில் கார்கள் நாட்டின் நிறத்தை அணிந்திருந்தன. இத்தாலிக்குச் சிவப்பு, பிரிட்டனுக்குப் பச்சை, பிரான்சுக்கு நீலம். 1968ல் இது மாறியது. தென்னாப்பிரிக்காவில் ஜான் லவ் ஓட்டிய கார் 'கன்ஸ்டன்' சிகரெட்டின் நிறத்தில் வந்தது. சில மாதங்களில் காலின் சாப்மனின் லோட்டஸ் அணியும் பச்சையைக் களைந்து 'கோல்ட் லீஃப்' சிகரெட்டின் சிவப்பு, வெள்ளை, தங்க நிறத்துக்கு மாறியது. அந்தக் கோலத்தில் கிரஹாம் ஹில் ஸ்பெயின் பந்தயத்தை வென்றார். அதன்பின் காரின் உடம்பில் ஒவ்வொரு சாணும் விற்பனைக்கு வந்தது. முன்வரிசை அணிகளுக்கு விளம்பரதாரர்கள் தாமாகவே வந்தார்கள். கடைசி வரிசை அணிகளிடம் விற்பதற்கு மிஞ்சியது ஓட்டுபவரின் இருக்கை.

1991 ஆகஸ்டில் ஜோர்டான் அணிக்கு அப்படி ஓர் இருக்கை திடீரென்று காலியானது. லண்டனில் ஒரு டாக்ஸி ஓட்டுநருடன் நடந்த தகராறில் கண்ணீர்ப்புகை வாயுவைப் பீய்ச்சிய பெர்ட்ரான் கஷோ சிறைக்குப் போனார். பெல்ஜியம் பந்தயத்துக்கு மட்டும் அந்த இடத்தைப் பணம் கொடுத்துப் பிடித்தது மெர்சிடிஸ். உட்காரவைத்த இளைஞரின் பெயர் மைக்கேல் ஷூமாக்கர். தகுதிச்சுற்றில் ஏழாவது இடம். பந்தயத்தில் முதல் சுற்றிலேயே கிளட்ச் போய்விட்டது, ஆனால் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். அடுத்த பந்தயத்துக்குள் பெனட்டன் அவரைக் கொத்திக்கொண்டு போனது. பின்னாளில் ஏழு உலகப் பட்டங்கள்.

ஆக, பணம் திறமைக்கு எதிரி என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. எதிரியாகும் தருணங்களும் உண்டு. அவற்றைக் கூர்ந்து பார்த்தால் ஓட்டுபவரைவிட அணியின் ஏழ்மைதான் முதலில் தெரியும்.

1995ல் இத்தாலியின் ஃபோர்ட்டி அணி, பிரேசிலின் பெத்ரோ தினிஸை நம்பி ஃபார்முலா ஒன்னில் இறங்கியது. தினிஸின் தந்தை பிரேசிலின் பெரும் சூப்பர்மார்க்கெட் நிறுவனத்துக்கு அதிபர். அந்த உறவில் பார்மலாட் பால் நிறுவனத்தின் பணம் அணிக்குள் வந்தது. கார் பல சுற்றுகள் பின்தங்கி ஊர்ந்தது. அடுத்த ஆண்டு தினிஸ் லிஜியே அணிக்கு மாறினார், பணமும் கூடவே போனது. ஃபோர்ட்டி 1996ன் பாதியிலேயே மூடப்பட்டது. தினிஸோ அதே ஆண்டில் நல்ல காரில் இரண்டு முறை ஆறாவதாக வந்து புள்ளி எடுத்தார். ஓட்டுபவர் பிழைத்துக்கொண்டார். அவர் பணத்தையே அடித்தளமாக வைத்துக் கட்டிய அணிதான் இடிந்தது.

வில்லியம்ஸ் போன்ற புகழ்பெற்ற அணியும் இந்த வழிக்கு வந்தது. 2010ல் நிக்கோ ஹுல்கன்பெர்க் என்ற ஜெர்மானிய இளைஞர் பிரேசிலில் அவர்களுக்காகத் தகுதிச்சுற்றில் முதலிடம் பிடித்தார். அடுத்த ஆண்டு அவர் இருக்கையில் பாஸ்டர் மால்டொனாடோ. பின்னால் நின்றது வெனிசுவேலாவின் அரசு எண்ணெய் நிறுவனம். மால்டொனாடோ வெறும் காசுக்காரர் அல்ல, ஃபார்முலா ஒன்னுக்கு அடுத்த படியான ஜி.பி.2 போட்டியின் 2010ஆம் ஆண்டுச் சாம்பியன். 2012 மே மாதம் பார்சிலோனாவில் அவர் வென்றது, 2004க்குப் பிறகு வில்லியம்ஸ் கண்ட முதல் வெற்றி. ஆனால் அதன் பிறகு மோதல்களுக்கே பெயர் பெற்றார். எண்ணெய் விலை சரிந்து, வெனிசுவேலாவின் பணமும் தடுமாறியபோது 2016 தொடங்குமுன் அவர் இருக்கை பறிபோனது. ஹுல்கன்பெர்க் வெவ்வேறு அணிகளில் அலைந்து, 2025ல் சில்வர்ஸ்டோனில்தான் வாழ்க்கையின் முதல் மூன்றாமிடத்தைத் தொட்டார். அது அவருடைய 239ஆவது பந்தயம்.

இந்தக் கணக்கில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் கோவையின் நரேன் கார்த்திகேயன். இரண்டாமவர் சென்னையின் கருண் சந்தோக். நரேன் 2005ல் ஜோர்டானில் ஓட்டியபோதும், 2011ல் ஸ்பெயினின் ஹெச்.ஆர்.டி. அணிக்கு வந்தபோதும் டாடாவின் ஆதரவு பின்னால் இருந்தது. 2011 பருவத்தின் நடுவில் அவரை இறக்கிவிட்டு அதே காரில் ரெட் புல் நிறுவனம் தன் பணத்தில் ஏற்றியது டேனியல் ரிக்கியார்டோவை. அவர் பிற்பாடு எட்டுப் பந்தயங்களை வென்றார். ஒரே இருக்கைக்கு இரண்டு நிறுவனங்கள் காசு கொடுத்தன. அதை வைத்து எதிர்காலச் சாம்பியனைத் தேடியது ரெட் புல்.

சந்தோக்கின் கதை இன்னும் கடுமை. 2010 பஹ்ரைனில் ஹெச்.ஆர்.டி. கார் முழுதாகத் தயாரானதே தகுதிச்சுற்றின்போதுதான். அதற்கு முன் அந்தக் காரை அவர் ஒரு சுற்றுகூட ஓட்டியதில்லை. பாதிப் பருவம் போனதும் இருக்கை ஜப்பானின் சகோன் யமமோட்டோவுக்குக் கைமாறியது. அப்படிப்பட்ட ஒரு காரை வைத்து ஒருவரின் திறமையை எப்படி அளப்பது?

ஹெச்.ஆர்.டி. உட்பட மூன்று புதிய அணிகள் 2010ல் வந்தன. அணிகளின் செலவுக்கு உச்சவரம்பு வரும், நான்கு கோடி பவுண்டுக்குள் ஓட்டலாம் என்ற பேச்சை நம்பி விண்ணப்பித்த அணிகள் அவை. பெரிய அணிகள் எதிர்த்ததால் வரம்பு வரவில்லை. 2017 பருவத்தில் அந்த மூன்றில் ஒன்றுகூடக் களத்தில் இல்லை. செலவு வரம்பு கடைசியில் 2021ல்தான் வந்தது, 14.5 கோடி டாலர் என்று.

அதே 2021ல் அமெரிக்காவின் ஹாஸ் அணி, அனுபவசாலியான கெவின் மேக்னுசனை விட்டுவிட்டு ரஷ்யரான நிகிதா மஸேபினை ஏற்றியிருந்தது. காரில் மஸேபினின் தந்தையோடு தொடர்புடைய உரால்காலி உர நிறுவனத்தின் பெயரும் ரஷ்யக் கொடியின் நிறங்களும். ஆண்டு முழுவதும் ஹாஸுக்கு ஒரு புள்ளியும் இல்லை. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படை அனுப்பியது, மார்ச்சில் மஸேபினும் உரால்காலியும் வெளியே. அவசரமாகத் திரும்ப அழைக்கப்பட்ட மேக்னுசன் பஹ்ரைனில் ஐந்தாவதாக வந்து ஒரே நாளில் 10 புள்ளி சேர்த்தார். புதிய விதிகளில் செய்த புதிய கார் என்பதும் ஒரு காரணம்தான். ஆனாலும் தேர்ந்த கை எதைச் செய்யும் என்பதை அன்று எல்லோரும் பார்த்தார்கள்.

அணிகள் முதலில் ஓட்டத் தகுந்தவரைப் பார்க்க வேண்டும், பணத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம். அந்த வரிசையைக் காக்க விதிகளும் வந்துள்ளன. 2016 முதல், ஃபார்முலா ஒன்னில் ஓட்டும் உரிமத்துக்குக் கீழ்நிலைப் போட்டிகளில் 40 புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். வாசலில் காவல் போட்டது நல்லது. ஆனால் அந்த வாசல்வரை வரும் படிக்கட்டுக்கே, ஃபார்முலா மூன்று, ஃபார்முலா இரண்டு என்று பருவத்துக்குப் பல கோடி ரூபாய் ஆகிறது. அடிப்படியிலேயே வடிகட்டப்பட்டவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. பதிமூன்று வயதிலேயே மெக்லாரன் அணி செலவை ஏற்றுக்கொண்டதால் லூயிஸ் ஹாமில்டன் அந்தக் கூட்டத்தில் சேராமல் தப்பினார். மகனின் பந்தயச் செலவுக்காக அவருடைய தந்தை அதுவரை ஒரே நேரத்தில் பல வேலைகள் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடிப்படியின் விலையைக் குறைக்க முயன்ற ஒருவர் கோவையில் இருந்தார். எஸ். கரிவரதன், மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உள்ளூரிலேயே வடிவமைத்தார். வெளிநாட்டுக் கார் வாங்க வழியில்லாத இளைஞர்களுக்கு அந்த 'ஃபார்முலா மாருதி' பந்தயம் முதல் படியானது. 1995ல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத்தளம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டி, பரிசு மேடை ஏறியது ஒரு ஃபார்முலா மாருதி காரில்தான்.