ஆறுமுகம் என்ற பெயரோடு
கடாரமும் பாட்டும் – 14

அறுபதுகளில் கெடா தோட்டங்களில் பாட்டு என்றால் கோயில் திருவிழா. அதை விட்டால் வானொலி. சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் பால்மரம் வெட்டிய குடும்பங்கள் டி.எம்.எஸ்., சுசீலா குரல்களோடு வாழ்ந்தன. கூலிமிலிருந்து பஸ்ஸில் போய், பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறினால் வந்துவிடும் பினாங்கிலோ அப்போது வேறொரு இசை கரையேறிக்கொண்டிருந்தது.

பட்டர்வொர்த் விமானத் தளத்தில் ஆஸ்திரேலிய விமானப் படை இருந்தது. வியட்நாம் போர்முனையிலிருந்து அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வுக்காகப் பினாங்கு வந்தார்கள். அவர்கள் கேட்ட பாடல்களை உள்ளூர் இசைக்குழுக்கள் விடுதிகளில் வாசித்தன. அந்த சோல், ராக் பாடல்களுக்குத் தாய்வேர் ப்ளூஸ். அமெரிக்கத் தென்மாநிலப் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்களின் பாட்டு. நாற்று நடவும் களை பறிக்கவும் பாடிய நம் முன்னோர் அதைக் கேட்டிருந்தால் அந்நியமாக நினைத்திருக்க மாட்டார்கள்.

இந்தச் சூழலில்தான், அறுபதுகளின் இறுதியில், பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் அலிகேட்ஸ் குழுவில் பாடத் தொடங்கினார்கள். பெரிய சுருட்டைமுடி அவர்களது அடையாளமானது. எழுபதுகளில் ஹாங்காங் இரவு விடுதிகளில் பாடினார்கள். பிறர் பாடல்களை இரவுதோறும் பாடும் அந்த வேலை, குரலை எங்கே இறுக்குவது, எங்கே நெகிழ்த்துவது என்பதைக் கற்றுத்தந்தது.

எழுபதுகளின் பிற்பகுதியில் மலாய்ப் பாடல்களுக்கு வந்தபோதுதான் அந்தப் பயிற்சி பலன் தந்தது. எம். நாசிர் போன்றவர்கள் மெட்டமைத்தார்கள். மெதுவான காதல் பாடல்களில் மலாய்ச் சொற்கள் சோல் இசையின் ஏக்கத்தோடு ஒலித்தன. ‘செஞ்ஞும்லா கோலாலம்பூர்’ தலைநகரின் பாடலாகவே ஆகிவிட்டது.

காலத்தைக் கவனியுங்கள். 1969 மே 13 இனக் கலவரத்தின் காயம் ஆறவில்லை. 1971இன் தேசியப் பண்பாட்டுக் கொள்கை, இம்மண்ணின் பூர்விகப் பண்பாட்டையே அடித்தளமாக வகுத்திருந்தது. அந்த நாட்டில் ஆறுமுகம் என்ற தந்தை பெயரை மாற்றிக்கொள்ளாமலே இருவரும் மலாய்க் குடும்பங்களின் வரவேற்பறைக்குள் நுழைந்தார்கள்.

1972இல் பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்தது. பின்னர் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பால்வாளியை விட்டுத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். மலாய், சீன இளைஞர்களுடன் ஒரே வரிசையில் நின்று வேலை செய்த அவர்களுக்கு, எல்லோரும் விரும்பிய பாடகர்கள் தம்மவர் என்பது சிறிய பெருமையல்ல.

2007 ஜூன் 4 அன்று லோகநாதன் நுரையீரல் புற்றுநோயால் மறைந்தார். டத்தோ டேவிட் தம்பியில்லாத மேடையிலும் தொடர்ந்து பாடினார்.

மலேசியத் தமிழர் இசை வரலாறு என்றால் தமிழில் பாடியவர்களை மட்டும் வரிசைப்படுத்துகிறோம். அந்த வரலாற்றில் இந்தச் சகோதரர்களுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. அதை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

(தொடரும்)