டேலி ஆகாத பெயர்கள்

கோலார் தங்கவயல்காரர்களுக்குப் பலகை மாறுவது பழகிப்போன சங்கதி. ஜான் டெய்லர் கம்பெனி நடத்திய சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசிடம் போயின, 1962-இல் மத்திய அரசிடம் போயின, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று ஆயின. இறங்கியவனுக்கு அது கடைசிவரை 'மைன்ஸ்'தான். 2001 பிப்ரவரி 28-இல் மூடினார்கள். அதற்குப்பிறகு பிழைப்பு என்றால் மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில், இறங்குமிடம் பெங்களூர். அங்கே போய்ச் சொல்ல ஒரு கைத்தொழில் வேண்டுமே. "டேலி தெரியும் சார்."

அந்த டேலி பிறந்ததும் பெங்களூரில்தான், 1986-இல். ஆலைகளுக்கும் நூல் மில்களுக்கும் மூலப்பொருள் விற்றுக்கொண்டிருந்த ஷியாம் சுந்தர் கோயங்காவுக்குத் தோதான கணக்கு மென்பொருள் கிடைக்கவில்லை. மகன் பரத் கோயங்கா எழுதிக்கொடுத்தார். முதலில் வைத்த பெயர் 'பியூட்ரானிக்ஸ் ஃபைனான்ஷியல் அக்கவுண்டன்ட்'. சொல்லி முடிப்பதற்குள் வாடிக்கையாளர் படியிறங்கிவிடுவார். நல்லவேளை, அது 'டேலி' என்று சுருங்கியது. 1999-இல் அவர்கள் கம்பெனியே பியூட்ரானிக்ஸ் என்ற தன் பெயரை விட்டுவிட்டு டேலி சொல்யூஷன்ஸ் ஆனது. பிள்ளையின் பெயரைத் தகப்பன் வைத்துக்கொண்ட கதை!

அதோடு நிறுத்தியிருக்கலாம். 4.5, 5.4, 6.3, 7.2, 8.1 என்று டவுன் பஸ் நம்பர் போல வரிசை நீண்டது. 2006-இல் டேலி 9. 2009-இல் வந்ததோ 'டேலி.ஈஆர்பி 9'. நடுவில் ஒரு புள்ளி, பின்னால் பழைய ஒன்பது. ஈஆர்பி என்றால் பெரிய ஆலையின் கொள்முதல், உற்பத்தி, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டுகிற சமாச்சாரம். ஹார்டுவேர் கடைக்காரருக்கு வேண்டியது, யார் எவ்வளவு பாக்கி என்பது மட்டும். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது அதற்கென்று வந்தது அந்த ஒன்பதின் 'ரிலீஸ் 6'. ஒன்பதுக்குள் ஆறு! 2020-இல் 'டேலிபிரைம்' வந்து எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. ஐபிஎம்மும் இதே கூத்தை ஆடியது. 1988-இல் வந்த ஏஎஸ்/400 என்ற கம்ப்யூட்டரை ஐசீரிஸ், சிஸ்டம் ஐ, ஐபிஎம் ஐ என்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டது. அதில் வேலை பார்த்தவர்கள் வாயில் ஏஎஸ்/400 அப்படியே நின்றுவிட்டது.

டேலியை ஊர் ஊராகக் கொண்டுபோனதில் விளம்பரத்தைவிட மாடிப்படி மேலிருந்த கம்ப்யூட்டர் சென்டர்களுக்குப் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். உரிமம் வாங்காமல் படிப்பவர்களுக்காகக் கம்பெனியே 'எஜுகேஷனல் மோட்' என்ற வாசலைத் திறந்து வைத்தது. அதில் ஈஆர்பி 9 காலத்தில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் வவுச்சர் போடமுடியும். மூன்று நாள் மாதத்தில் ஒரு கடையே வாங்கும், விற்கும், சம்பளம் கொடுக்கும். எஃப்5 பேமெண்ட், எஃப்6 ரசீது, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். மௌஸைத் தொடாமல் விரல் தானாகப் போகும். பெயர் எத்தனை முறை மாறியும் இந்தச் சாவிகள் மாறவில்லை. பிழைத்தது அதனால்தான்.

வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் இன்றைக்கும் பிரைமா, ஒன்பதா என்று எழுதுவதில்லை. 'டேலி தெரிந்த ஆள் தேவை', அவ்வளவுதான். கம்ப்யூட்டரே இல்லாத மளிகைக்கடையிலும் ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கல்லாவை எண்ணுகிற பையனிடம் முதலாளி கேட்கிறார்: "என்னப்பா, டேலி ஆச்சா?"