கை ஓங்கினாலே கேஸ் பாயுமா? 'அசால்ட்' பற்றி சட்டம் சொல்வது என்ன?

"நான் அடிக்கவே இல்லையே, கையைத்தானே ஓங்கினேன்!" திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சண்டை முற்றும்போது அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆனால் சட்டத்திடம் இந்தச் சமாதானம் எடுபடாது.

அசால்ட் என்றால் என்ன?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 130-வது பிரிவுப்படி, 'இப்போ அடிச்சிடுவான்' என்று எதிரில் இருப்பவர் அஞ்சும்படி சைகை காட்டுவதே அசால்ட். அடி விழ வேண்டியதில்லை. அதேசமயம் வெறும் வாய்ப்பேச்சு அசால்ட் ஆகாது. பிரிவு 131-ன்படி 3 மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

அடி விழுந்துவிட்டால்?

* சாதாரண காயம், பிரிவு 115(2): ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.
* கொடுங்காயம், பிரிவு 117(2): 7 ஆண்டு வரை சிறை, அபராதம். எலும்பு முறிவு, பல் உடைவது, 15 நாள் வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாமல் போவது ஆகியவை இதில் வரும். பழைய சட்டத்தில் இது 20 நாள்.
* கத்தரிக்கோல் போன்ற வெட்டும் கருவி, சூடான இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றால் காயம், பிரிவு 118(1): 3 ஆண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.
* பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் நோக்கில் தாக்கினால், பிரிவு 74: 1 முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதம்.

மொழி, ஊரைச் சொல்லி அடித்தால்?

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் ஏராளமாக வேலை செய்யும் ஊர் திருப்பூர். 2023 மார்ச்சில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, பீகார் அதிகாரிகள் குழு இங்கு நேரில் வந்து விசாரித்தது. வதந்தி ஒருபுறம் இருக்க, உண்மையிலேயே 5 பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து, பிறந்த ஊர், மொழி, சாதி போன்ற காரணங்களுக்காக ஒருவருக்குக் கொடுங்காயம் ஏற்படுத்தினால் பிரிவு 117(4) பாயும். கும்பலில் இருந்த ஒவ்வொருவருக்கும் 7 ஆண்டு வரை சிறை, அபராதம் உண்டு. உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் யார் அடித்தாலும் இதே சட்டம்தான்.

புகார் கொடுத்தால் உடனே எஃப்ஐஆர் போடுவார்களா?

எல்லாவற்றுக்கும் இல்லை. கை ஓங்குவது, சாதாரண காயம் ஆகியவற்றை மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. கொடுங்காயம், ஆயுதத் தாக்குதல், பெண்கள் மீதான தாக்குதல் என்றால் நேரடியாக எஃப்ஐஆர் பதிய வேண்டும். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் இந்தப் புகாரைக் கொடுக்கலாம்.

காயத்தின் அளவுதான் எந்தப் பிரிவு என்பதை முடிவு செய்கிறது. அதனால் அடிபட்டவர் 'ரெண்டு நாள்ல சரியாயிடும்' என்று ரூமில் படுத்துவிடாமல், முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய்க் காயத்தைப் பதிவு செய்வது அவசியம்.