குழித்தறியும் ஓர் ஊசியும்

ஐயம்பேட்டையில் எங்கள் வீட்டுக் குழித்தறியில் அப்பா நாற்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். கால் குழிக்குள்ளே, முதுகு பாவின்மேல் வளைந்து. போன வருஷம் இடுப்பு எழவே விடவில்லை. முதுகெலும்பு மூட்டில் ஊசி போடலாம் என்றார் மருத்துவர். "போட்டா மறுபடி நெய்யலாமா சார்?" என்பது மட்டும்தான் அப்பா கேட்டது.

அந்த ஊசியின் கதை 1948 செப்டம்பரில் தொடங்குகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் நடக்கத் தடுமாறிய 29 வயதுப் பெண்ணுக்கு பிலிப் ஹென்ச்சின் குழு கார்ட்டிசோன் செலுத்தியது. சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் மருந்தை நிறுத்தினால் வலி திரும்பியது. தொடர்ந்தால் உடம்பெல்லாம் பக்கவிளைவு. 1951இல் பிலடெல்பியாவின் ஜோசப் ஹாலண்டர், ஹைட்ரோகார்ட்டிசோனை நேரே மூட்டுக்குள் போட்ட அனுபவத்தை வெளியிட்டார். 1970களில் எக்ஸ்ரே துணையோடு முதுகெலும்பின் சிறு மூட்டுகளுக்கும் அந்த ஊசி வந்தது.

அப்பாவைக் குப்புறப் படுக்கவைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி போட்டார்கள். சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். ராத்திரி வலி திரும்பியது. "ஏமாத்திட்டாங்கடா!" முதலில் வேலை செய்தது மரத்துப்போகும் மருந்து, ஸ்டீராய்டு பிடிக்கச் சில நாளாகும். இடையில் சர்க்கரையும் கொஞ்சம் ஏறியது. ஒரு வாரத்தில் வலி இறங்கியது.

வலி குறைந்த நாட்களில் இடுப்புப் பயிற்சி செய்யச் சொல்லியிருந்தார்கள். அதற்குத்தான் அந்த ஊசி அவகாசம் வாங்கித் தருகிறது. அப்பா அந்த அவகாசத்தில் ஒரு முகூர்த்தச் சேலையை நெய்து முடித்தார். நாலாம் மாதம் வலி வந்துவிட்டது.